வலது தொடை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே ஸ்கேன் அறை நாறத் தொடங்கிவிட்டது. வெறும் வியர்வை நாற்றம் என்றால் நாரே பொறுத்துக்கொண்டிருப்பாள். தசையை ஆராய்கிற கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு வியர்வைக்கு மூக்கைச் சுளித்தால் பிழைக்க முடியாது. இது வேறு நாற்றம். உடம்பில் பூசிய எண்ணெய், அதன்மேல் பழுப்புச் சாயம், அதற்கும் மேலே பட்டினி கிடக்கிற வாயிலிருந்து கிளம்புகிற புளித்த வாடை. வெளியே நடையில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒருவனும் நேற்றுக் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருக்கவில்லை. மத்தியானம் அவர்களுக்குப் படப்பிடிப்பு. தோலுக்கு அடியில் இருக்கிற ஈரமெல்லாம் வற்றினால்தான் தசை கோடு கோடாகப் படத்தில் விழும். அதற்காகக் கருவாடு மாதிரி காய்ந்துபோய், சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கிடந்தார்கள்.

இந்தச் சொங்ஜு நகரில் மட்டும் என்றில்லை, கொரியா முழுக்க இந்தக் கிறுக்கு பிடித்து ஆட்டுகிறது. உடம்பை ஒரு தடவையாவது வற்றவைத்து, உள்ளாடையோடு ஸ்டூடியோ விளக்குக்குக் கீழே நின்று படம் எடுத்து மாட்டாவிட்டால் வாலிபமே வீண் என்று நினைப்பு. பேர் வைத்திருக்கிறார்கள், பாடி ப்ரொஃபைல். படம் எடுத்து முடித்த ராத்திரியே வறுத்த கோழியை வாங்கி மண்டுவார்கள். ஒரு வாரத்தில் பழைய தொப்பை வந்துவிடும். படம் மட்டும் அப்படியே இருக்கும்.

முதலில் உள்ளே வந்தவன் தோ இன்ஹோ. 'கடைசித் துளி' ஜிம்மில் பயிற்சியாளன், நாரேயைவிடப் பத்து வயது மூத்தவன், வாய்த்துடுக்கு. கட்டிலில் விரித்திருந்த தாளில் அவன் படுத்ததும் அவன் உருவத்துக்குப் பழுப்பாக எண்ணெய்க் கறை பரவியது. நாரே ஒரு கைக்குட்டைக் காகிதத்தை நீட்டித் தொடையைத் துடைக்கச் சொன்னாள்.

"துடைச்சா சாயம் போயிடும் டாக்டரம்மா."

"போகட்டும். சாயத்தையா அளக்க வந்திருக்கேன்?"

அவள் டாக்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. முதுநிலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருக்கிற மாணவி. இதைப் பலமுறை சொல்லியும் இன்ஹோ கேட்கவில்லை.

ஜெல்லைத் தடவி, ஸ்கேன் முனையை இடது தொடையில் வைத்தாள். திரையில் தசை சுத்தமாகத் தெரிந்தது: கறுப்பு, அதில் சாய்வாக ஓடுகிற வெள்ளைக் கோடுகள், அடியில் எலும்பின் பளிச்சென்ற வளைவு. வலது தொடைக்கு மாற்றினாள். அங்கே கோடுகள் கலங்கிக் கிடந்தன. கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் மூட்டம், சேற்றுத் தண்ணீர் மாதிரி. முனையை லேசாக அழுத்தியதற்கே இன்ஹோ பல்லைக் கடித்தான்.

"வீங்கியிருக்கு," என்றாள்.

"வளர்ந்திருக்குன்னு சொல்லுங்க. வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அவள் படத்தைச் சேமித்தாள்.  

நாரேயின் ஆய்வு முறையில் சிக்கல் எதுவும் கிடையாது. ஒரே ஆள், இரண்டு கால். இவன் நிறையத் தின்கிறான், அவன் நன்றாகத் தூங்குகிறான், இன்னொருத்தனுக்கு அப்பன் கொடுத்த உடம்பு என்கிற சாக்கெல்லாம் இதில் செல்லாது. சாப்பாடும் தூக்கமும் அப்பனும் இரண்டு காலுக்கும் பொது. மெஷினில் உட்கார்ந்து, வலது காலால் பளுவைத் தூக்க வேண்டும், இனி ஒரு தடவைகூட முடியாது என்று கால் தானாக விழுகிறவரை. இடது காலில் அதே மாதிரிப் பளு, ஆனால் இன்னும் இரண்டு மூன்று தடவை தூக்கத் தெம்பு மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். மூன்று மாதம் கழித்து எந்தத் தொடை அதிகம் தடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டும் ஒரே அளவு தடித்திருக்கும் என்பது அவள் ஊகம். தசை வலியால் வளர்வதில்லை. பளு நார்களை இழுக்கிற இழுப்பால்தான் வளர்கிறது. மிச்சம் வைத்து நிறுத்தினாலும், கிட்டத்தட்ட முடிவை நெருங்கிவிட்டால், தூங்கிக்கொண்டிருக்கிற நார்கூட எழுந்து வேலைக்கு வந்துவிடும். அதற்கு மேலும் கதறக் கதறத் தூக்கினால் கூடுவது பெரும்பாலும் களைப்பும் காயமும்.

இந்த ஊகம் ஜின் தோக்சுவுக்குப் பிடிக்காது. 'கடைசித் துளி' என்கிற ஜிம்களின் முதலாளி அவர். ஊருக்கு ஊர் கிளை. ஒவ்வொரு கிளையின் வாசலிலும் ஒரு வாளி வைத்திருப்பார், தூக்க முடியாமல் வாந்தி எடுக்கிறவர்களுக்காக. அந்த வாளியைப் படம் பிடித்து விளம்பரம் போட்டவர். ஆய்வுக்குச் செலவு செய்கிறவர் அவர், ஆட்களை அனுப்புகிறவர் அவர், அந்த ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவரும் அவர். வலது கால்தான் அவருடைய முறை. வலது கால் ஜெயிக்க வேண்டும்.

அளப்பதற்கு ஒரு விதி எழுதிவைத்திருந்தார்கள். கடைசிப் பயிற்சி முடிந்து முழுதாக மூன்று நாளாவது போன பிறகுதான் ஸ்கேன். அடிபட்ட தசையில் நீர் கோத்துக்கொள்ளும். அது வடியக் காத்திருக்க வேண்டும். கொசு கடித்த இடம் தடித்துப்போனால் என் கை வளர்ந்துவிட்டது என்று யாரும் குதிப்பதில்லை. ஆனால் ஜின் முதலாளி சனிக்கிழமைக்கு ஸ்டூடியோவைப் பதிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஜிம்மில் எல்லோருடைய வலது காலையும் கடைசியாக ஒரு முறை பிழிந்தும் எடுத்துவிட்டார். ஒரே ஆளின் இரண்டு தொடைகளை அக்கம்பக்கம் காட்டி விளம்பரம் போடுவது அவர் திட்டம். இடது தொடைக்குக் கீழே 'சோம்பேறியின் கால்' என்று எழுதுவாராம். படப்பிடிப்பு முடிந்தால் பயல்கள் கண்டதையும் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்வார்கள், அதனால் சனிக்கிழமை காலையிலேயே அளந்துவிடு என்று நாரேயின் வழிகாட்டி, பேராசிரியர் மோ சொல்லி அனுப்பினார்.

சொல்ல வந்தவன் நம்குங். முனைவர் பட்டத்துக்கு ஆண்டுக்கணக்காகக் காத்துக் கிடக்கிற சீனியர். மோ சாரின் கார் எந்த மாடியில் நிற்கிறது, மோ சாரின் நாய்க்கு அடுத்த ஊசி எப்போது, எல்லாம் அவன் தலைக்குள் இருக்கும்.

"மூணு நாள் போகணும் சீனியர். நீங்களே எழுதின விதிதானே."

"விதி எழுதுறப்ப ஸ்டூடியோ புக் ஆகல."

"அதுக்காக வீக்கத்த அளக்கச் சொல்றீங்களா?"

நம்குங் காதைச் சொறிந்துகொண்டு, அளக்கிறது உன் வேலை, பேர் வைக்கிறது சாரோட வேலை என்றான். போகிற போக்கில், மார்ச்சில் உனக்கு வேலை இருக்கில்ல என்றும் ஞாபகப்படுத்தினான். இருந்தது. தேஜொனில் ஒரு மருத்துவமனை, பக்கவாதம் வந்து கால் சூம்பிப்போனவர்களைத் திரும்ப நடக்கவைக்கிற பிரிவு. பட்டம் கையில் இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். பட்டத்துக்கு ஆய்வேட்டின் ஒப்புதல் தாளில், கையெழுத்துக்குப் பதிலாக, தேர்வாளர்களின் மூன்று பெயர் முத்திரை விழ வேண்டும். மூன்றில் ஒன்று மோ சாருடையது.

நாரே சனிக்கிழமை அளந்தாள். எண்ணெய்த் தொடைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துடைத்துத் துடைத்து அளந்தாள். எல்லோருடைய வலது தொடையும் ஒரே மாதிரி கலங்கியிருந்தது. ஒருத்தன் தலை சுற்றிக் கட்டிலிலிருந்து சரிந்தபோது தண்ணீர் கொடுத்தாள். அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினானே தவிர விழுங்கவில்லை. துப்பியது அவள் செருப்பில் தெறித்தது. மன்னிப்புக் கேட்கக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை.

மத்தியானம் எல்லோரும் போன பிறகு தரையைத் துடைத்தாள். அவளுடைய அம்மா பெண்கள் குளியல்கூடத்தில் அடுத்தவர் முதுகைத் தேய்த்து அழுக்கை உருட்டி எடுக்கிறவள். மகள் கல்லூரிக்குப் போகிறாள் என்றதும் இனி இவள் கைக்கு யார் உடம்பு அழுக்கும் ஒட்டாது என்று சந்தோஷப்பட்டாள். பழுப்புச் சாயம் படிந்த துணியைப் பிழிந்துகொண்டே, இதை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று நாரே நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை வாருங்கள், அதுவரை காலுக்குப் பயிற்சி எதுவும் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். மோ சாரிடம் அனுமதி கேட்கவில்லை. விதிப்படி மூன்று நாள் கழிந்தால் செவ்வாய்க்கிழமைதான். எழுதிய விதியைச் செய்ய யாரிடம் அனுமதி கேட்பது?

செவ்வாய்க்கிழமை எல்லோரும் வந்தார்கள். கோழியும் பீரும் ஏறி முகமெல்லாம் உப்பியிருந்தது, ஆனால் மனுஷர்களாக இருந்தார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். இன்ஹோ மட்டும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலை இழுத்து இழுத்து வந்தான். அவள் எல்லாப் படங்களையும் எடுத்து, எது யாருடையது, எது எந்தக் கால் என்பதை மறைத்து, கலைத்துப் போட்டு, பிறகுதான் அளவு எடுத்தாள். தனக்குப் பிடித்த விடையைத் தன் கையே தேடிப் போய்விடக்கூடாது என்று பயம். கடைசியில் மறைத்ததைத் திறந்து பார்த்தாள்.

இரண்டு தொடையும் ஒன்றுதான். மூன்று மாதத்தில் இரண்டும் நன்றாகத் தடித்திருந்தன, ஒரே அளவு. வலது தொடையின் சாம்பல் மூட்டம் வடிந்து, கறுப்பும் கோடும் திரும்பி வந்திருந்தன. சனிக்கிழமை கூடுதலாகத் தெரிந்தது அத்தனையும் தண்ணீர்.

இன்ஹோ போகாமல் நின்று திரையை எட்டிப் பார்த்தான். மறைக்கிறதற்கு ஒன்றும் இல்லை என்று அவள் அவனுடைய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவன் குனிந்து வலது தொடையைத் தடவிக்கொண்டான். 

"அப்ப எதுக்கு டாக்டரம்மா இந்த வலது கால நான் கொன்னேன்? ராத்திரியில கக்கூஸ் போகக்கூட சுவரப் பிடிச்சுக்கிட்டுப் போறேன்."

"ஜின் முதலாளியத்தான் கேக்கணும்."

"அவரக் கேட்டா வாளியக் காட்டுவாரு."

மறுநாள் அவள் அந்த அளவுகளோடு மோ சாரின் அறைக்குப் போனாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மேஜையில் மாணவர்களின் கட்டுரைகள். ஒரு நகத் துணுக்கு பறந்து வந்து அவற்றின்மேல் விழுந்தது. அவர் ஊதித் தள்ளினார். நாரே சொன்னதையெல்லாம் நகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். செவ்வாய்க்கிழமை அளவை யார் கேட்டது என்றார். சனிக்கிழமை அளவு இருக்கிறது, அதைப் போட்டு எழுதி முடி, தேதி விவரமெல்லாம் கட்டுரையில் விலாவாரியாக வேண்டாம் என்றார்.

"அது வீக்கம் சார்."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். படிக்கிறவனுக்குத் தெரியுமா?" அடுத்த விரலுக்குப் போனார். "நாரே, வலது கால் ஜெயிச்சாத்தான் அடுத்த வருஷமும் இந்த மெஷின் ஓடும். உனக்குப் பின்னால வர்றவங்க வயித்துல அடிக்காத. போம்மா, கதவைச் சாத்திட்டுப் போ."

கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தாள். வெளியே நின்று, எத்தனை பேருடைய உழைப்பில் அந்த மனுஷனின் நகம் கிடக்கிறது என்று நினைத்தபோது காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. நடையில் துப்பினால் துடைக்கிறவளும் அவள்தான்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, வைவா, டிசம்பர் நடுவில் வந்தது. அன்றைக்குத் தேர்வாளர்களின் முன்னால் தின்பண்டம் பரப்புவது மாணவியின் கடமை. மாண்டரின் ஆரஞ்சு, அரிசிக் கேக், தோல் சீவி வெட்டிய பேரிக்காய், சூடான காப்பி. மோ சாருக்குச் சர்க்கரை போடாதது, துறைத் தலைவருக்கு இரண்டு பொட்டலம். இதையெல்லாம் நம்குங் பக்கத்தில் நின்று சரிபார்த்தான். திரையில் ஓட்டப்போகும் படங்களை முந்தின நாளே சரிபார்த்திருந்தான், சனிக்கிழமை அளவோடு. காலையில் அவள் மாற்றிவிட்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பேராசிரியை பான் ஹேசுக், சியோலிலிருந்து ரயிலில் வந்திருந்தார். காப்பியைத் தொடவில்லை. துறைத் தலைவர் ஆரஞ்சு உரிப்பதிலேயே இருந்தார். நாரே செவ்வாய்க்கிழமை அளவைச் சொன்னாள். இரண்டு காலும் ஒன்றுதான் என்றாள். பிறகு சனிக்கிழமைப் படத்தைப் போட்டு, பயிற்சிக்கு மறுநாளே அளந்தால் இப்படித்தான் தெரியும், இது வளர்ச்சி இல்லை, நீர், இதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றாள்.

நம்குங்கின் வாய் திறந்துகொண்டது. மோ சார் காப்பிக் குவளையை உதட்டருகில் வைத்தபடி அசையாமல் இருந்தார். அவர் கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் ஏறி இறங்கியது.

பான் அம்மையார் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, இந்த நாட்டில் இப்படிக் காத்திருந்து யாரும் அளப்பதில்லை என்றார். அவசர அவசரமாக மறுநாளே அளந்து, வீக்கத்தை வளர்ச்சி என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், இப்படிப்பட்ட கட்டுரைகளைத் திருப்பி அனுப்பி அனுப்பி எனக்கு அலுத்துவிட்டது, பொறுமையாகக் காத்திருந்து அளக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

நாரே வாயைத் திறப்பதற்குள் மோ சார் குவளையைக் கீழே வைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"என் பசங்ககிட்ட நான் ஓயாம சொல்றது இது ஒண்ணுதாங்க. வீக்கம் வடியட்டும், அப்புறம் அளங்க. இந்தப் பொண்ணு ஒருத்திதான் காதுல வாங்கிக்கிச்சு."

பான் அம்மையார் அவரைப் பார்த்துத் தலையசைத்தார், மரியாதையோடு.  நாரேயின் மூளைக்குள் அந்தக் கால் நகம் மட்டும் பறந்துகொண்டிருந்தது. பொய் சொல்வார், மிரட்டுவார், கத்துவார் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்திருந்தாள். அவளுடைய உண்மையையே எடுத்துச் சட்டை மாதிரி மாட்டிக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒப்புதல் தாளில் பான் அம்மையார் முத்திரை குத்தினார். துறைத் தலைவர் ஆரஞ்சு விரலைத் துடைத்துவிட்டுக் குத்தினார். மோ சார் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்து, அடடா, என்னுடையது அறையில் இருக்கிறது, சாயங்காலம் சாப்பாட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்றார்.

சாப்பாடு பன்றி வயிற்றுக்கறிக் கடையில். நுழைந்ததுமே கொழுப்புப் புகை முகத்தில் அப்பியது. ஜின் முதலாளி ஏற்கெனவே வந்து உட்கார்ந்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, மேஜை நடுவிலிருந்த அடுப்பில் இடுக்கியால் கறியைப் புரட்டிக்கொண்டிருந்தார். மோ சார் நாரேயைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எதிரே பான் அம்மையார், அவருக்குப் பக்கத்தில் நம்குங். சோஜு சாராயத்தை ஊற்றுவது நம்குங் வேலை, கறியைக் கத்தரிக்கோலால் வெட்டுவது நாரேயின் வேலை.

மோ சார் இரண்டு கிண்ணம் உள்ளே போனதும் நாரேயின் தோளில் கை வைத்து, ஜின் முதலாளியிடம், இது யார் மகள் தெரியுமா என்று ஆரம்பித்தார். அம்மா குளியல்கூடத்தில் முதுகு தேய்க்கிறவள், அங்கேயிருந்து எங்கே வந்திருக்கிறாள் பாருங்கள், இந்த மாதிரிப் பிள்ளைகளை மேலே தூக்கிவிடத்தான் நான் வாத்தியாராக இருக்கிறேன் என்றார். ஜின் முதலாளி ஓ என்று வியந்து, அடுத்த தடவை எனக்கும் தள்ளுபடியில் தேய்த்துவிடச் சொல்லு என்றார். நம்குங் சிரித்தான். நாரே கத்தரிக்கோலைக் கறியில் வைத்தாள். கொழுப்பு கிழிகிற சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது.

பிறகு மோ சார் லெட்டூஸ் இலை ஒன்றை உள்ளங்கையில் விரித்தார். அதன்மேல் கறித்துண்டு, நெருப்பில் வாட்டிய பூண்டு, பச்சை மிளகாய், சோயா விழுது. உருட்டி மடித்து, ஒரு குழந்தையின் முஷ்டி அளவுக்குக் கட்டினார். அந்த மேஜையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்த சடங்கு. பெரியவர் தன் கையால் மடித்து ஊட்டினால் சின்னவர் வாயைத் திறக்க வேண்டும். பாசம் என்று இதற்குப் பெயர். வாயைத் திறந்துவிட்டால் அதற்குப் பிறகு எதற்கும் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

உருண்டையை அவள் உதட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குனிந்தார். வாயில் பூண்டும் சோஜுவும் வீசியது.

"ஒரே ஒரு வரி சேத்துடு. ஆரம்பத்துல வலது கால் முன்னால போச்சுன்னு. ஜின் முதலாளியோட விளம்பரத்துல ஆய்வாளர்னு உன் படம் வரும், ரெண்டு வார்த்த சொல்லு. முத்திர சட்டைப் பையிலதான் இருக்கு. ஆ காட்டு."

அவர் விரல்களுக்கு நடுவில் விழுது பிதுங்கி, எண்ணெய் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரல் நகத்தின் ஓரத்தில் சிவப்பாகச் சோயா விழுது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜின் முதலாளி, சாப்பிடும்மா, வாத்தியார் கை வலிக்கும் என்றார். திறந்தால் முத்திரை விழும், மார்ச்சில் தேஜொன். திறக்காவிட்டால் இன்னொரு பருவம், அதற்கப்புறமும் இவர் கைதான், இவர் முத்திரைதான். வழிகாட்டியை விட்டு வந்த மாணவியை வேறு எந்த வாத்தியாரும் தொடமாட்டார்.

நாரே வாயைத் திறந்தாள். ஆனால் முகத்தைத் திருப்பி, எதிரே இருந்த ஜின் முதலாளியைப் பார்த்துத் திறந்தாள். அப்போது வந்த குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. தேன் தடவிய குரல்.

"சார் இன்னும் உங்ககிட்ட சொல்லலைங்களா முதலாளி? நான் சொல்றதுக்கு முன்னாடி சாரே சொன்னாத்தான் மரியாதையா இருக்கும். வீக்கம் வடியட்டும், அப்புறம் அளங்கன்னு எங்களுக்கு ஓயாம சொல்லிக்கொடுத்தது சார்தான். காலையில பான் அம்மாகிட்டகூடச் சொன்னாரு. சனிக்கிழம எடுத்த படத்துல வலது கால்ல இருக்கிறது அத்தனையும் தண்ணி முதலாளி. அத விளம்பரத்துல பல்கலைக்கழகம் சொல்லிச்சுன்னு போட்டா, சாரோட பேர்தான் கெடும்."

உருண்டை அந்தரத்தில் நின்றது. எண்ணெய் ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது.

பான் அம்மையார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மோ சாரை நிமிர்ந்து பார்த்தார்.

"அவருக்கு இன்னும் சொல்லலையா நீங்க?"

மோ சாரின் கண் நாரே மேலிருந்து பான் அம்மையார் மேல் போனது, அங்கிருந்து ஜின் முதலாளிக்கு. காலையில் அவர் மாட்டிக்கொண்ட சட்டையை இப்போது அந்த அம்மாள் முன்னால் கழற்ற முடியாது. உருண்டையைத் தன் வாய்க்கே கொண்டுபோய் முழுசாக அடைத்தார். கன்னம் ஒரு பக்கம் புடைத்தது. மென்றுகொண்டே, இன்றைக்குச் சொல்லத்தான் நினைத்தேன் என்றார். பாதி உமிழ்நீரோடு வந்தது. ரெண்டு காலும் ஒண்ணுதான் ஜின் முதலாளி, என்ன செய்யறது, அறிவியல் அப்படி என்றார்.

ஜின் முதலாளி இடுக்கியைக் கீழே வைத்தார். சண்டை வரும் என்று நாரே எதிர்பார்த்தாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தோளைக் குலுக்கினார்.

"தண்ணின்னா தண்ணி. ஃபோட்டோவுல தண்ணிக்கும் சதைக்கும் என்ன வித்தியாசம்? பல்கலைக்கழகத்தப் போடல, படத்த மட்டும் போட்டுக்கறேன். அந்தக் கறி கருகுது பாருங்க."

கறி கருகிக்கொண்டுதான் இருந்தது. நாரே அதைத் திருப்பிப் போட்டாள்.

பான் அம்மையாருக்கு ரயிலுக்கு நேரமாயிற்று. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, அந்தத் தாளை இப்போதே முடித்துவிடுங்களேன், பொண்ணு நிம்மதியாகத் தூங்கும் என்றார். மோ சார் சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். விரலைத் துடைக்கவில்லை. நாரே நீட்டிய தாளைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். சிவப்பு வட்டம் விழுந்தது, அதன் பக்கத்தில் அவர் கட்டைவிரலின் எண்ணெய் ரேகை முழுசாக, தாளின் மறுபக்கம்வரை ஊறித் தெரிந்தது. அந்தத் தாளைத்தான் ஆய்வேட்டின் முதல் பக்கமாக வைத்துக் கட்டுவார்கள்.

அவள் எழுந்து, இடுப்பை வளைத்து வணங்கினாள். அதுவும் ஒழுங்காக வந்தது.

கழிப்பறை கடைக்கு வெளியே, முற்றத்தின் கோடியில் இருந்தது. குளிரில் குழாய்த் தண்ணீர் பல்லைக் கூசவைத்தது. நாரே வாயைக் கொப்பளித்தாள். அந்த இலையும் கறியும் அவள் நாக்கைத் தொடவே இல்லை, ஆனாலும் கொப்பளித்தாள். சார்தான் சொல்லிக்கொடுத்தார். இந்த வாக்கியத்தைத் தனக்குத் தெரிந்தவர்களில் யார் யார் எந்தெந்தக் குரலில் சொல்லிக் கேட்டிருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தாள். எல்லோரும் இதே தேன் குரலில்தான் சொல்லியிருந்தார்கள்.

நம்குங் சிகரெட் பிடிக்க வெளியே வந்திருந்தான். அவளைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்று, புகையை வானத்துக்கு ஊதினான். இத்தனை வருஷத்தில் அவன் அவளை மதிப்பாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நல்லாப் பேசக் கத்துக்கிட்ட. எனக்கு இதுக்கு எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா? இனிமே நீ எங்க போனாலும் பொழச்சுக்குவ."

நாரே குழாயை மறுபடியும் திறந்தாள்.